மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்க வந்தவர் பயத்தில் கண்ணை மூடினாலும் மாஸ்டரின் கால் விழித்திருக்கும். வாய் அதற்கும் மேல். "கிளட்ச்! கண்ணாடியப் பாரு! எங்க பாக்குற?" இந்த அதிகாரம் வீட்டுக்கு வந்த பிறகும் அணையாத இன்ஜினாக ஓடும்.

அவருடைய நாலு வயது மகள் மட்டும் எந்தச் சிக்னலுக்கும் நிற்பதில்லை. பொம்மையைக் கேட்டால் எறிவாள், பிடுங்கினால் கடிப்பாள். மழலையர் பள்ளியில் பாதிப் பேர் கையில் அவள் பல்வரிசை பதிந்தாகிவிட்டது. இன்னொரு முறை கடித்தால் அழைத்து வர வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் வேறு பள்ளியும் கிடையாது.

ஆகவே ஆன்லைன் சிகிச்சை. பிஸ்கட் டப்பாவில் சாய்த்த போனில் குழந்தை மனநல டாக்டரம்மா, மாஸ்டர் காதில் இயர்போன், தரையில் மரக்கட்டைகளோடு மகள். டாக்டரம்மாவின் விதிப்படி, விளையாட்டின்போது அப்பா கேள்வி கேட்கக் கூடாது, உத்தரவு போடக் கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை செய்வதைச் சொல்லலாம், பாராட்டலாம். அதாவது, மாஸ்டரிடம் இருந்த சரக்கு முழுவதற்கும் தடை.

"சிவப்புக் கட்டைய எதுக்கு அங்க வைக்கிற?"

"அது கேள்வி சார்" என்றது காது.

"இங்க வை."

"அது உத்தரவு."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

"சும்மா இருக்காதீங்க சார். அவ என்ன செய்றாளோ அதைச் சொல்லுங்க."

"சிவப்புக் கட்டைய... தப்பான எடத்துல வைக்கிற."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். "இப்பத் தெரியுதா, உங்க கார்ல உக்கார்றவங்க பாடு?"

மகளுக்கு ரோஷம் வந்தது. கட்டையைப் போனை நோக்கி ஓங்கினாள். மாஸ்டரின் வலது கால் தரையைப் பலமாக மிதித்தது. வாயிலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை. மகள் கட்டையை இறக்கிவிட்டு அந்தக் காலையே பார்த்தாள்.

"என்னப்பா பண்ற?"

"பிரேக்கு. கத்த வந்துச்சு, நிறுத்திட்டேன்."

டாக்டரம்மாவின் விதிகளில் பிரேக்குக்குத் தடை இல்லை போலும்.

மறுநாள் காரில், "கியரை மெதுவா மாத்தினீங்க, பிரமாதம்" என்றார். ஓட்டிய பெண் மிரண்டு வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டாள். "சார், நான் ஃபெயிலா?"

அடுத்த வாரம் ஒரு மாலை மகளை அழைக்கப் போனபோது, மாடியில் இருக்கும் பள்ளியின் வாசலிலேயே டீச்சர் நின்றார்.

"ஒருத்தன் இவ பொம்மையப் புடுங்கினான் சார். இவ வாயத் தொறந்துட்டா. நான் ஓடி வர்றதுக்குள்ள..."

"கடிச்சிட்டாளா?"

"இல்ல. தரையில ஒரு மிதி. 'பிரேக்கு'ன்னா. வாய மூடிக்கிட்டா."

மாஸ்டருக்கு மூச்சு வந்தது.

"இப்ப என்னன்னா, வகுப்பே மிதிக்குது. கீழ்வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டுட்டுப் போறாங்க."

"அப்ப நாளைக்கு..."

"கூட்டிட்டு வாங்க. மெத்துனு ஒரு செருப்பாப் போட்டு விடுங்க."

தெருவில் இறங்கியதும், "கடிக்காம நிறுத்திட்ட. ரொம்ப நல்லா செஞ்ச" என்றார், டாக்டரம்மா பழக்கியபடி.

"வண்டிய எங்க விட்ட? ஏன் லேட்டு? சீக்கிரம் நட" என்றாள் மகள். அவளுக்குத் தடை எதுவும் இல்லை.