பார்க்க மட்டும் அனுமதி

தொழிற்சாலையில் அவளைச் சாவிக்காரி என்பார்கள். இடுப்பில் கொத்து ஒன்றும் தொங்கவில்லை. சர்வரில் யாருக்கு எது திறக்கலாம் என்று முடிவு செய்பவள் அவள்தான். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கும் தனிக் கணக்கு வைத்து, அதன் கையைக் கட்டிப்போட்டிருந்தாள். எந்த மெஷின் ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று அது பார்க்கலாம். யார் மெயிலையும் திறக்க முடியாது.

தொழிற்சாலையின் காவல் பிரிவுத் தலைவனுக்கு அது போதவில்லை. அவன் மனைவி அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். முகம் வீங்கி வந்தால், "அலமாரி இடிச்சிருச்சுக்கா" என்பாள்.

"உங்க வீட்டு அலமாரிக்குக் கை முளைச்சிருக்கா?" என்றாள் சாவிக்காரி ஒருநாள். அவன் மனைவி சிரிக்கப் பார்த்தாள். உதட்டுத் தையல் விடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் சர்வர் அறைக்குள் வந்து தாழிட்டான்.

"அந்த சாஃப்ட்வேருக்கு ஃபுல் பர்மிஷன் குடு. என் பொண்டாட்டி யாருக்கு என்ன எழுதறான்னு நான் பாக்கணும்."

"முடியாது சார். வெளிய போங்க."

அவள் வலது கையைச் சர்வர் கூண்டின் இரும்புக் கதவிடுக்கில் திணித்து அறைந்து சாத்தினான். விசிறிகளின் இரைச்சல் அலறலை விழுங்கிவிட்டது. மறுபடி சாத்தினான். இரண்டு விரல்கள் எலும்பு தெரியப் பிளந்தன.

"பாஸ்வேர்ட்!"

எல்லாவற்றையும் திறக்கும் பெரிய பாஸ்வேர்ட் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தத் தையல் நினைவுக்கு வர, கண்காணிப்புக் கணக்கின் பாஸ்வேர்டைச் சொன்னாள். அவன் தட்டினான். 'அனுமதி இல்லை' என்றது திரை. முடியைப் பற்றி அவள் முகத்தை மேஜையில் மோதினான். மூக்கு உடைந்தது.

அப்போது கதவுக் கண்ணாடி சிதறியது. அவன் விறைப்பாக மாடியேறியதை மனைவி பார்த்திருந்தாள். அந்த நடை அவளுக்கு வீட்டில் பழக்கம். உடைந்த கண்ணாடி கிழிக்கக் கிழிக்கக் கையை உள்ளே விட்டுத் தாழை நீக்கி, தீயணைப்பு சிலிண்டரோடு நுழைந்தாள்.

"நீ எதுக்குடி இங்க..."

தாடையில் இறங்கியது சிலிண்டர். அவன் சரிந்தான். அவள் மறுபடி ஓங்கினாள்.

"போதும்டி, செத்துருவான்!"

"சாகட்டும்கா."

"இவனுக்காக நீ ஜெயிலுக்குப் போவியா?" சாவிக்காரி இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். சிலிண்டர் தரையில் உருண்டது.

அவன் பிழைத்தான். தாடையில் கம்பியோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிறைக்குப் போனான்.

"அவன் கேட்டதைக் குடுத்துத் தொலைச்சிருக்கலாமேம்மா" என்றார் மேலாளர் சாவிக்காரியிடம்.

சாவிக்காரியின் கைக்கட்டைப் பிரித்த அன்று அவன் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அக்காவுக்குத்தான் எழுதிட்டிருந்தேன். அவ ஊர்லயே எனக்கு ஒரு வீடு பாக்கச் சொல்லி. அவ பாத்த வீட்டு முகவரிகூட அதுல இருந்துச்சு."

சாவிக்காரி மடங்காத விரல்களைப் பார்த்தபடி கேட்டாள், "வீடு கெடைச்சுதா?"

"ம். போன வாரமே குடி போயிட்டேன்."