கொலருக்குள் வைத்த பூ

என்னை நானே புகழ்ந்து கதைக்க வேண்டி வந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தையலில் பெயர் எடுத்தவள்தான். திருகோணமலை டவுனில் விசாரித்தால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆனால் வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டதில்லை.

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் என் மெஷின் இருந்தது. என் கணவர் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். கடை முதலாளி கிண்ணியா முஸ்லிம். அவருக்கு என் கணவர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. எங்கள் வீட்டில் வாய் என் மனிசனுக்கு, கை எனக்கு. துணியை வெட்டும்போதே, "எங்கட வீட்டில குடுத்துத் தைச்சுப் பாருங்கோ, பிறகு வேற இடம் போகமாட்டியள்" என்று ஆட்களை அனுப்பிவிடுவார். அதுவும் அவருக்குப் போதவில்லை.

"ஒரு போர்ட் போடுவமே? உம்மட பேரைப் பெரிசா எழுதி?"

"என்ர பேரை ரோட்டால போறவன் எல்லாம் ஏன் வாசிக்கவேணும்?"

கூச்சம் பாதி, பயம் பாதி. சண்டைக் காலத்தில் பெயர் வெளியே தெரிவது நல்லதுக்கில்லை. யார் வாசிப்பார்கள், வாசித்துவிட்டு எப்போது கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. பெயர் வேண்டாமென்றால் ஓர் அடையாளமாவது வை, துறைமுகத்து ஊர்தானே, நங்கூரம் வை என்றார். நேவிக்கு உடுப்புத் தைக்கிறேன் என்று ஊர் கதைக்கப் போகிறது என்று ஏசினேன். கடைசியில் ஒரு பூவில் வந்து நின்றோம். வெள்ளை நாடாத் துண்டில் நீல நூலால் ஐந்து இதழ். சேர்ட் என்றால் கொலருக்குள், பிளவுஸ் என்றால் கழுத்துப் பட்டிக்குள். உடுத்தவருக்கு மட்டும் தெரியும். எனக்கு அது நல்ல வசதியாக இருந்தது. நான் வாயைத் திறக்கத் தேவையில்லை, தையலே போய்ச் சொல்லிவிடும். கொஞ்ச நாளில், "பூ வைக்கிற பிள்ளையிட்டக் குடு" என்று நிலாவெளிப் பக்கமிருந்தெல்லாம் துணி வரத் தொடங்கியது.

வீட்டு ஆட்களுக்கு மட்டும் பூ கிடையாது. எந்தத் தையல்காரிதான் தன் வீட்டுத் துணிக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருப்பாள்?

"ஊருக்கெல்லாம் பூ, எனக்கு மட்டும் இல்லையோ?" என்று என் மனிசன் கேட்பார்.

"நீங்கள் என்ன கூலி குடுத்தா தைப்பிக்கிறியள்?"

பூவுக்குப் பதிலாக அவருக்கு வேறொன்று செய்திருந்தேன். துணி வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுத் திரிவார். மாதம் ஒரு பொக்கற் கிழியும். ஏசி ஏசிப் பார்த்துவிட்டு, பொக்கற்றின் அடியில் என் பழைய பிளவுஸ் ஒன்றின் துண்டை உள்ளுக்குள் வைத்துத் தைக்கத் தொடங்கினேன். தடித்த பூவேலைத் துணி. வெளியே தெரியாது, விரலை விட்டால் தட்டுப்படும்.

ஒரு நாள் சாம்பல்தீவிலிருந்து ஓர் அம்மா வந்தா. சொப்பிங் பையிலிருந்து ஒரு சேர்ட்டை எடுத்து மேசையில் விரித்தா. எங்கோ பற்றைக் காட்டுக்குள் கிடந்ததாக யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். சேர்ட்டில் இருந்த கறையைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. கொலரை மட்டும் திருப்பிக் காட்டினா. பூ இருந்தது.

"பிள்ளை, இதை ஆருக்குத் தைச்சனீர்?"

அவவுடைய மகனுக்குத்தான் தைத்தேன். அவவே கூட்டிவந்து, பக்கத்தில் நின்று, கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், வளருகிற பிள்ளை என்று சொன்ன சேர்ட். அது அவவுக்கும் தெரியும். இது வேறு யாருக்கோ தைத்தது என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் வந்திருந்தா. என்னால் சொல்ல முடியவில்லை. அவவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

இந்தக் கதை பரவினால் பூவுக்குப் பயந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. முன்பைவிடக் கூட்டம். தாய்மார் மகன்மாரின் துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அளவைக்கூடச் சரியாகச் சொல்லாமல், "பூவை மறந்திடாதேங்கோ" என்றார்கள். "காணாமப் போனாலும் கண்டுபிடிக்கலாம்" என்று ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னா. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நல்ல தையலுக்காக வைத்த பூ அது. அதை வைத்துத் தைக்கும்போதெல்லாம் பாடைக்குப் பூக் கட்டுவதுபோல இருந்தது. பெயர் எடுத்தேன் என்றேனே, அந்தப் பெயரில் பாதி இப்படி வந்ததுதான்.

எங்களோடு இருந்த என் மாமியாரும் தொடங்கினா. "அவன்ர சேர்ட்டுகளிலயும் பூவை வை பிள்ளை."

"ஓம் மாமி."

ஓம் என்றேனே தவிர வைக்கவில்லை. என் மனிசனின் கொலருக்குள் அந்தப் பூவை வைப்பதென்றால், அப்படி ஒரு நாள் வரும் என்று நானே ஒப்புக்கொள்வதுபோல. எனக்கு ஏலாது.

ஒரு நாள் அவர் கலியாணத் துணி கொடுத்துவிட்டு வர இறக்கக்கண்டிக்குப் போனார். அன்று பின்னேரம் அந்த ரோட்டில் வெடிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அவர் வரவில்லை. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், இன்றைக்கும் தெரியாது. முதலாளி தன் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு முகாம் முகாமாக ஏறி இறங்கினார். மாமி சாப்பாட்டை விட்டுவிட்டா.

பிறகு ஒரு தகவல் வந்தது. கரையில் ஒதுங்கியவர்களை அடக்கம் செய்துவிட்டார்களாம், அடையாளம் பார்க்க உடுப்புகளை மட்டும் ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருக்கிறார்களாம். மாமி, முதலாளி, நான், மூவரும் போனோம். கடைசியாக விரித்த சேர்ட் உப்புத் தண்ணீரில் நிறம் போய்க் கிடந்தது. நான் பொக்கற்றுக்குள் விரலை விட்டேன். அடியில் என் பிளவுஸ் துண்டு தட்டுப்பட்டது.

அதற்குள் மாமி கொலரைத் திருப்பிவிட்டா.

"பூ இல்லை! பாரும் முதலாளி, பூ இல்லை. இது என்ர பிள்ளையின்ர இல்லை."

அழுகையும் சிரிப்புமாக அவ கும்பிட்ட கும்பிடை என்னால் மறக்க முடியாது. வெளியே வந்ததும், "பிள்ளை, ஒரு பிளேன்ரீ குடிப்பமே" என்றா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவவாகக் கேட்டது அது. நான் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் முதலாளியிடம் மட்டும் பொக்கற்றுக்குள் இருந்த துண்டைப் பற்றிச் சொன்னேன். கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். "அந்தத் துணி நான் பெருநாளைக்குக் குடுத்தது தங்கச்சி" என்றார். பிறகு, மாமியை நினைத்து, "உம்மாவுக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

சொல்லவில்லை. அதனால் நான் பொட்டை அழிக்கவும் இல்லை. கட்டியவன் இல்லை என்று தெரிந்துகொண்டே காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமம் வைப்பது எப்படியிருக்கும் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எடுத்தெறிந்து பேசியிருப்பேன். என் மனிசனுக்காக வாய்விட்டு அழக்கூட எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை. மெஷினை வேகமாக மிதித்து, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். மாமி குசினியில் அவருக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டிருந்தா.

அந்த வருசத் தீபாவளிக்கு மாமி தானே போய் முதலாளியிடம் சேர்ட் துணி எடுத்து வந்தா.

"வந்தா உடுத்த ஒண்டு வேணுமெல்லே. தை பிள்ளை. அளவு தெரியும்தானே?"

தெரியும். வெட்டினேன், தைத்தேன். பொக்கற்றுக்கு வந்தபோது, கை பழக்கத்தில் அந்தப் பழைய பிளவுஸின் மிச்சத்தைத் தேடி எடுத்து அடியில் வைத்தது. பிறகு நாடாத் துண்டில் ஐந்து இதழையும் நிதானமாகத் தைத்து, கொலருக்குள் வைத்தேன். என் மனிசனுக்கு நான் வைத்த ஒரே பூ.

மாமி சேர்ட்டை வாங்கினவுடன் கொலரைத்தான் திருப்பிப் பார்த்தா. பூவை விரலால் தடவினா. முகமெல்லாம் சந்தோசம்.

"இனிப் பயமில்லை" என்றா. "எங்க போனாலும் எங்கட பிள்ளை எண்டு தெரியும்."

"ஓம் மாமி" என்றேன்.