தாய்ச்சி மேல் எனக்கிருந்த சந்தேகம்

கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்ப்பது என் வேலை. பெட்டிக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் எதையும் நான் லேசில் நம்புவதில்லை. என்னைப் பெற்ற நைனாவுக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரையோடு தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியும் செய்தால் நடை தேறும் என்று பிசியோதெரபி அம்மா சொன்னபோது, கடைசியில் எந்த லேகியத்தை எங்கள் தலையில் கட்டப்போகிறார் என்றுதான் பார்த்தேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். இப்போது வாசற்படிக்கு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் இடுப்பைப் பிடித்தால்தான் நகர்வார். ஏற்கனவே விழுந்து நெற்றியில் தையல். இன்னொரு தடவை விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

காலடிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் வகுப்பு. நானும் போய்க் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பின் பாரத்தை ஒரு காலில் இறக்கி, அப்புறம்தான் மற்றக் காலை எடுக்க வேண்டும். லேகியம் வரவே இல்லை. "வியாதி போயிடாது ஐயா. மாத்திரைய நிறுத்திடாதீங்க, இது ஒரு துணை, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. இவ்வளவு யோக்கியமாகப் பேசுகிறவரை எப்படி நம்புவது?

சில மாதங்களில் நைனா வாசற்படியைத் தானே தாண்டினார். எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. யார் பேச்சையும் கேட்காத மனிதர் விடியுமுன்பே எழுந்து பயிற்சி செய்கிறாரே, ஏன்?

"இன்னா நைனா, இவ்ளோ அக்கறை?"

"போட்டுல ஏறுறதும் இத்தே மாரிதாம்மா."

படகில் ஏறத்தான் இந்தப் பயிற்சியா என்று அன்றிலிருந்து அவர் மேல் ஒரு கண் வைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் வீட்டில் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடினேன். தான் ஓட்டிய பழைய படகின் எதிரே, துறைச் சுவரின் விளிம்பில் முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருந்தார். நடுவே எண்ணெய் மிதக்கும் தண்ணீர். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தேன்.

"கைய வுடு. நீ புச்சினு இருந்தா பாரம் எந்தக் காலுல கீதுன்னே தெர்ல."

கோபத்தில் விட்டேன். படகு அலையோடு மேலே வந்தது. அவர் ஏறிவிட்டார். பலகையில் உட்கார்ந்து சிரித்தார். ஆனால் திரும்பி வர எழுந்தபோது கால் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் தூக்க வந்தார். நைனா கையைத் தட்டிவிட்டார்.

"நீ வா" என்றார் என்னிடம்.

எங்களில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. வலைக்காரர் முகம் சுளித்தார். "பொம்பள ஏறக்கூடாதுண்ணே."

"ஏறட்டும்டா. நான் எறங்க வாணாவா?"

விளிம்பில் நின்றேன். தண்ணீரைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை. நைனா கையை நீட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தேன், மறு கையால் படகைக் கட்டியிருந்த கயிற்றை. படகு மேலே வந்ததும் கயிற்றை விட்டுக் காலை எடுத்து வைத்தேன்.