வளையல் கையோடு நின்றவள்

வெள்ளைக்காரன் சண்டைக்கு மாட்டுவண்டி ஓட்டக் கப்பலேறிப் போன என் வீட்டுக்காரர் பஸ்ராவில் காய்ச்சலில் போய்விட்டார் என்று சேதி வந்தபோது எனக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. சொந்த நிலம் இல்லாத வீடு. சர்க்காரில் பென்சன் தருவார்கள், அதை வைத்துப் பிள்ளையை வளர்த்துவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. மனுப் போட்டோம்.

எங்களில் தாலி இறக்கின பொம்பளை, நாள் கழியும் வரைக்கும் உள்வீட்டு மூலையில்தான் இருக்க வேண்டும். வேற்று ஆம்பளை கண்ணில் படக் கூடாது. நான் அப்படி இருந்த சமயத்தில்தான் விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார்.

"பென்சன் கேட்ட பொம்பளை எங்கே? நான் பாக்கணும்" என்றார் வாசலில் நின்று.

என்னை வெளியே விட முடியாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் என் மாமியாருக்குப் பயம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தன் மகளைப் பார்த்து, "ஏளா, நீ போய் நில்லு. வீட்டுப் பொம்பளை ஒருத்தியப் பாத்தா அவருக்குப் போதும்" என்று பையச் சொன்னாள். சர்க்கார் பார்க்க வந்தது வீட்டைத்தான், ஆளை இல்லை என்று அவள் எண்ணம். மூலையில் இருந்த எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

நாத்தனார் போய் நின்றாள். கழுத்தில் தாலி, கை நிறைய வளைகாப்பு வளையல், முன்னால் தள்ளின வயிறு.

இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இவதானா?"

"ஆமாய்யா, எங்க வீட்டுப் பிள்ளதான்" என்றாள் மாமியார்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

பிறகு வந்த உத்தரவை நான்தான் வாசித்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது. விதவை மறுமணம் செய்து கர்ப்பமாய் இருப்பதால் பென்சன் இல்லை என்று எழுதியிருந்தது.

"எம் மருமவளுக்கு நானே மாப்பிள்ள பாத்துட்டேனே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம் வயித்துப் பிள்ளைய ஒங்க தலையில கட்டிட்டுப் போயிட்டானே மதினி அந்தாளு!" என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

என் மூலை நாள் கழிந்ததும் பாளையங்கோட்டைக்குப் போய் மனு எழுதுகிறவரைப் பிடித்து எழுதிக் கொடுத்தோம். சில மாதம் கழித்துத் தாசில்தார் கூப்பிட்டார். நான் மாமியார் பின்னால் ஒதுங்கி நின்றேன். மாமியார்தான் அழுது அழுது சொன்னாள்.

"அப்போ அன்னைக்கு நின்னவ யாரு? அவளே வந்து சொல்லட்டும். இல்லேன்னா இன்ஸ்பெக்டர் எழுதினதுதான் நிக்கும்" என்று முடித்துவிட்டார் தாசில்தார்.

நாத்தனார் அதற்குள் பிள்ளை பெற்று, உடன்குடிப் பக்கம் புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆள் விட்டுக் கேட்டோம். அவள் மாமனார் குதித்தாராம்: "கூடப்பிறந்தவன் பெஞ்சாதியாப் போயி நின்னேன்னு நாலு பேரு முன்னால இவ சொல்லணுமாக்கும்? எங்க வீட்டுப் பொம்பளை தாலுகா கச்சேரிப் படி ஏற மாட்டா."

அவள் யாரிடமும் சொல்லாமல் கைப்பிள்ளையோடு வண்டியேறி வந்துவிட்டாள்.

"ஏன் பொய் சொன்னே?" என்று அதட்டினார் தாசில்தார்.

"நான் எங்கய்யா பொய் சொன்னேன்? எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலியே. அம்ம நில்லுன்னா, நின்னேன். நீ யாருன்னு அவுக கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

குமாஸ்தா ஒருவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். தாசில்தார் சிரிக்கவில்லை. ஆனாலும் முன் உத்தரவு தப்பு என்று மேலதிகாரிக்கு எழுதினார்.

பென்சன் வந்தது. என் மகள் பசியில்லாமல் வளர்ந்தாள். நாத்தனாரை மட்டும் புருஷன் வீட்டில் திரும்பச் சேர்க்கவில்லை. புருஷன் ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வேறு பெண் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். சர்க்கார் செய்த தப்புக்கு ஒரு மனு போட இடம் இருந்தது. இதற்கு எங்கே போய் மனுக் கொடுப்பது?

கடைசிவரைக்கும் அவள் என்னோடுதான் இருந்தாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் பென்சன் வாங்கவும் கூடவே வருவாள். மேசை முன்னால் போனதும் அவளே முந்திக்கொண்டு, "வாங்குதது இவுக. நான் இல்ல, நல்லாப் பாத்துக்கிடுங்க" என்பாள். அங்கே இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு ஒரு நாளும் சிரிக்க வந்ததில்லை.