வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

இன்று காலை கல்லூரி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டு வந்தார். ஏதோ மசோதா மக்களவையில் நிறைவேறிவிட்டதாம்.

“ஏனுங்க, அப்ப நாளைக்கே சட்டமாயிருமுங்களா?”

“இல்லைங்க. மாநிலங்களவையும் ஒத்துக்கணும். அவங்க திருத்தம் சொன்னா மறுபடி மக்களவைக்கு வரும். ரெண்டு பக்கமும் சரின்னாத்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துக்குப் போகும்.”

அரசியல் அறிவியல் நடத்துகிற வாய் பஸ்ஸிலும் சும்மா இருக்காது.

அவர் சிரித்தார். “எங்கூட்டுக் கதையாட்டவே இருக்குதுங்க. நான் ஒண்ணு சொன்னா எங்கூட்டுக்காரரு வேண்டாம்பாரு. ஒரு பிரிட்ஜு வாங்க ஆறு மாசம் சண்டை. உங்கூட்டுல எப்படிங்க?”

“நான் மட்டுந்தாங்க.”

“அட, அப்ப நெனச்சது ஒடனே நடக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளில்லீங்களே சாமி,” என்றார்.

என் பையில் விருப்ப ஓய்வுக் கடிதம் இருந்தது. நேற்று மாலை நானே முன்மொழிந்து, நானே விவாதித்து, கையெழுத்தும் போட்டது. டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலையை விட்டால் நாளெல்லாம் யாரோடு பேசுவேன் என்ற கேள்வியை அவையில் யாரும் எழுப்பவில்லை.

இரண்டாவது அவை வெறும் காலதாமதம் என்று இருபது வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறவள் நான்.

கடிதத்தைக் கொடுக்காமலே வீடு திரும்பிவிட்டேன். இப்போது சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் எதிர்ப்புகளைக் கீழே கமெண்டில் எழுதலாம். ‘உங்கள் இஷ்டம்’ என்று மட்டும் யாரும் போட வேண்டாம். அந்த ஓட்டு நேற்றே விழுந்துவிட்டது.