அம்போமாவின் கொசுறு

க்வாக்யே வாத்தியாருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், பாடத்தைப் புத்தகத்தோடு விட்டுவிடத் தெரியாததுதான். குடிக்க மாட்டார், லாட்டரிச் சீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆனால் புத்தகத்தில் ஒரு வரி வந்துவிட்டால் அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்டியே தீர வேண்டும். மற்ற வாத்தியார்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இவர் வகுப்பையே இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். எங்கள் ஊரில் இதைப் பாராட்டாதவர்களே கிடையாது. பாராட்டிய வாய்களில் ஒன்றுகூடப் பிறகு அம்போமாவுக்காகத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அம்போமா அவருடைய மனைவி. சந்தையில் தக்காளி வரிசையில் அவளுக்கு ஒரு மேசை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த மேசை அவளுடையது. அவள் அம்மா உட்கார்ந்த இடம். க்வாக்யே வேலை மாற்றம் வாங்கிக்கொண்டு தலைநகரத்துக்குப் போகலாம் என்றபோதெல்லாம், மேசையை யார் பார்ப்பது என்று கேட்டே அவரை உட்கார வைத்தவள்.

எங்கள் சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி உண்டு. கிழங்குக்கு ஒருத்தி, வெங்காயத்துக்கு ஒருத்தி, தக்காளிக்கு நானா அக்யா. வடக்கு எல்லைக்கு அப்பாலிருந்து தக்காளி லாரி வந்து நின்றால் டிரைவரோடு பேசுவது அவள்தான். விலையைச் சொல்வதும், பெட்டிகளைப் பெண்களுக்குப் பங்கு வைப்பதும் அவள்தான். வரிசை முழுக்க ஒரே விலை. குறைத்து விற்றவளுக்கு அடுத்த லாரியில் பெட்டி கிடையாது. பெட்டி இல்லையென்றால் மேசை இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் கறுப்புச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார ஆளும் இல்லை.

விலையில் கை வைக்கக் கூடாது, சரி. அதற்காக எங்கள் ஜனம் ஒன்றும் கேட்காமல் பையை மூடிக்கொண்டு போய்விடுமா? அளந்து கொட்டிய பிறகும் வாங்குகிறவள் பையை விரித்தபடியே நிற்பாள். விற்கிறவள் முணுமுணுத்துக்கொண்டே மேலே இரண்டு பழத்தைப் போடுவாள். அதுதான் கொசுறு. அதை யாரும் எண்ணுவதில்லை, எவள் எவ்வளவு போடுகிறாள் என்று வாய்விட்டுப் பேசுவதும் இல்லை. கொசுறு போடும் கை கண்ணில் பட்டால் நானா அக்யாவே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அவ்வளவு பெரிய மனுஷி அவள்.

அந்தப் பருவத்தில் அறிவியலில் போட்டி என்று ஒரு பாடம் வந்தது. வாத்தியார் பால் டின்களில் சோளம் விதைக்கச் சொன்னார், ஒன்றில் இடம்விட்டு, இன்னொன்றில் நெருக்கி. நெருக்கி விதைத்ததில் ஓரிரண்டு தலைதூக்கின, மற்றவை மஞ்சள் பூத்துச் சாய்ந்தன. பிள்ளைகளுக்குப் புரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். சந்தையில் போட்டி எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டார். எல்லோரும் ஒரே விலைக்கு விற்கிறார்களே, போட்டியே இல்லை என்றது வகுப்பு. வீடா என்ற பெண் மட்டும் கையைத் தூக்கினாள். தக்காளி வரிசையில் அம்போமாவுக்குப் பக்கத்து மேசைக்காரி செர்வாவின் மகள். அப்பா இல்லாத பெண்.

"கொசுறுல இருக்கு சார்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் தன் கண்ணில் படாதது இந்தப் பெண் கண்ணில் பட்டுவிட்டதே என்று பூரித்துப்போனார். சந்தை நாளன்று வகுப்பு முழுவதையும் தக்காளி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, யார் எவ்வளவு கொசுறு போடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். விற்கிற பெண்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் பழக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் வகுப்பில் ஒரே கூச்சல். தன் தன் அம்மாதான் அதிகம் போட்டதாக ஆளாளுக்குப் பீற்றிக்கொண்டார்கள். கடைசியில் வீடா எழுந்தாள்.

"உங்க வீட்டு அக்காதான் சார் எல்லாரையும்விட அள்ளிப் போடுறாங்க. அதனாலதான் எங்கம்மா பழம் அழுகுது."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. நல்ல பதிலுக்கு நல்ல விளக்கம் தர வேண்டாமா? அம்போமாவால் ஏன் அப்படிப் போட முடிகிறது என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். அவள் வீட்டில் மாதாமாதம் சம்பளம் வருகிறது, செர்வா வீட்டில் வருவதில்லை. சாய்ந்துவிழப் பயமில்லாதவள் கொஞ்சம் அதிகம் கொடுத்துப் பார்க்கலாம், மற்றவளால் முடியாது. மழை ஏன் பெய்கிறது என்று சொல்வதுபோல, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த மனுஷரிடம் எனக்கு ஆத்திரமே அதுதான்.

பொழுது சாய்வதற்குள் விஷயம் சந்தைக்கு வந்துவிட்டது. வாத்தியார் வாயாலேயே சொல்லிவிட்டார், அம்போமா சம்பளத் திமிரில் அள்ளிப் போட்டு விதவை வயிற்றில் அடிக்கிறாளாம் என்று. செர்வா நானா அக்யாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். இனிமேல் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது?

கூப்பிட்டு அனுப்பினார்கள், புருஷனையும் சேர்த்து. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் பெரியவர்கள் முன்னால் வைக்கிற ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டில் ஒன்றை அம்போமா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நீ வாயைத் திறக்காதே வாத்தியாரே. அவங்க பெரியவங்க, ஏதாவது ஒரு சந்து விடுவாங்க. நான் அதுல புகுந்துக்குறேன்." அவரும் தலையாட்டினார்.

தகரக் கொட்டகையின் கீழ் நானா அக்யா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்கும் அஃப்ரகோமாவிடம் சொல்ல வேண்டும், அவள் எடுத்துச் சொல்வாள். செர்வா தன் குறையைச் சொன்னாள். அம்போமா பாட்டிலை வைத்து, மண்டியிட்டு, தன் கை பெரிய கை, அள்ளும்போது கூடக் குறைய வந்திருக்கலாம் என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானாவின் உதடும் லேசாக அசைந்தது. கொசுறு போடும் கை எதற்காகப் பெரிதாகிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் சந்து விட்டாள். வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"சின்னப் பிள்ளைங்க, வேடிக்கை பார்க்கப் போனதுங்க. அதுங்களுக்குச் சரியா எண்ணத் தெரியுமா? ஏதோ வாய்க்கு வந்ததை உளறியிருக்கும். அப்படித்தானே வாத்தியாரே?"

அஃப்ரகோமா அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, குருடனுக்கு வழிகாட்டுவது மாதிரி. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அம்போமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் பின்னால் வீடா, பள்ளிச் சீருடையோடு, வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டார். அங்கேதான் எல்லாம் போயிற்று.

"என் பிள்ளைங்க சரியாத்தான் பார்த்தாங்க நானா," என்றார். "அவங்க உளறல. அம்போமா தப்பும் பண்ணல. மத்தவங்களைவிடக் கூடுதலாக் கொடுத்தா, அவ்வளவுதான். அதுதான் போட்டி. உலகமே அப்படித்தான் நடக்குது."

அஃப்ரகோமா இதை எடுத்துச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. நானா சொன்னாள்: "உலகம் அப்படி நடக்குதுன்னுதான் என்னை இங்க உட்கார வச்சிருக்காங்க." பாட்டிலை எடுத்துப் போகச் சொன்னாள். அதற்குமேல் தீர்ப்பு என்று ஒன்று யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த லாரியில் அம்போமாவுக்குப் பெட்டி இல்லை. வாத்தியார் பாஸ்டரை அனுப்பினார், தலைமையாசிரியரை அனுப்பினார். குழந்தை சொன்னதை அழிக்கலாம், வாத்தியார் சொன்னதை யார் அழிப்பது என்று நானா கேட்டதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். வெங்காய ராணியும் கிழங்கு ராணியும் கையை விரித்தார்கள். மேசை செர்வாவின் பங்கோடு சேர்ந்தது. அவளும் சந்தோஷமாக இருந்ததாகத் தெரியவில்லை. வீடா வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

அம்போமா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அந்த மனுஷர் பிழைத்திருப்பார். ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிப்பாள், சூப்பை வைப்பாள், அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள், பாத்திரத்தைக் கழுவுவாள். தன் சம்பளம் போதும், வீட்டிலேயே இரு என்று அவர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்புக்கு ராணி கிடையாது. வண்டி வேகம் குறைந்தால் தலையில் தட்டோடு ஓட வேண்டும், யார் முதலில் ஜன்னலைத் தொடுகிறாளோ அவளுக்கு வியாபாரம். எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள், மான் மாதிரி ஓடுவார்கள். அவர்கள் நடுவில் அம்போமா தண்ணீர்ப் பாக்கெட் விற்கப் போனாள். நாற்பது தாண்டிய உடம்பு, வீங்கிய முழங்கால்.

கூட்டம் ஒன்றுக்காக டெச்சிமான் போய்விட்டு வாத்தியார் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார். தடுப்பில் வேன் நின்றது. அவள் மூச்சிரைக்க ஓடிவந்து, உள்ளே இருப்பது யாரென்று பாராமலே ஜன்னலில் பாக்கெட்டை நீட்டி, குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் என்றாள். வாத்தியார் இறங்கிவிட்டார். தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் நானே வாங்கிக்கிறேன். வீட்டுக்கு வா, அம்போமா."

"நீ வாங்கினா அது வியாபாரமா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. தட்டை அவர் கையிலிருந்து விடுவித்துக்கொண்டாள். "வழிய விடு. பின்னாடி பஸ் வருது."

அவர் விலகி நின்றார். அம்போமா ஓடினாள். அந்தப் பெண்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள்.