மணிக்கொரு படம்

தனியாக இருப்பவன் வீட்டில் ஒரு பொருளும் தானாக நகராது. காலையில் ஜன்னல் கட்டையில் வைத்த தம்ளர் சாயங்காலம் வந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும். என் மனைவிக்கு வளைகுடாவில் நர்ஸ் வேலை கிடைத்து, இரண்டு வயது மகளையும் தூக்கிக்கொண்டு அவள் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. நான் ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தையும், உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அன்று மகளின் போட்டோக்களை ஈமெயிலில் அனுப்புவாள். அதில் ஒன்றைக் கம்ப்யூட்டர் திரையின் பின்னணியில் வைத்தேன். கொஞ்ச நாளில் அதுவும் தம்ளர் மாதிரி ஆகிவிட்டது. கண் எதிரே இருந்தும் கண்ணில் படவில்லை. கையால் மாற்றலாம்தான். ஆனால் நானே மாற்றினால் அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிந்துவிடுமே. இந்த வீட்டில் என் கை படாமல் ஏதாவது ஒன்று மாற வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி வைத்திருந்தேன். அதன் கறுப்பு ஜன்னலில் கட்டளைகளைத் தட்டித் தட்டி நாலைந்து வரி எழுதினேன்: படங்கள் இருக்கும் இடத்துக்குப் போ, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு, பின்னணியில் மாட்டு. தட்டினால் மாட்டியது. இதையே மணிக்கொரு தரம் செய் என்று கிரானிடம் ஒப்படைத்தேன். கிரான் என்பது நேரம் பார்த்து வேலையை எழுப்பிவிடும் நிரல். அது ஒப்படைத்த வேலையைச் செய்யவே இல்லை. நான் பக்கத்தில் இருந்து தட்டினால் படம் மாறும். நான் எழுந்து போனால் மாறாது. என் வீட்டுக்கு ஏற்ற இயந்திரம் என்று திட்டினேன்.

காரணம் பிறகு பிடிபட்டது. கடிகாரம் எழுப்பிவிடும் வேலைக்கு எந்தத் திரையில் மாட்டுவது என்று தெரியாதாம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, யார் வீட்டுக்கு என்று சொல்லாமல் அனுப்பினால் ஆள் தெருவில்தானே நிற்பான். இந்தத் திரைதான் என்று ஒரு வரி சேர்த்தேன். மணி ஆனதும் படம் மாறியது. ஊஞ்சலில் மகள். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, விருந்தாளு வந்திருக்காகளா?"

"யாரும் வரலக்கா."

மகள் அந்தத் திரையிலேயேதான் வளர்ந்தாள். முடி நீண்டது, பள்ளிச் சீருடை வந்தது, முன்பல் ஒன்று விழுந்தது. மணி அடிக்கும் நேரத்துக்கு நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கெட்ட கோபம் வரும். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள், ஒரு கூப்பிடு தூரத்தில் நமக்கு இருட்டு என்று சுவரோடு சண்டை போடுவேன்.

நாலு வருடம் கழித்து இருவரும் லீவில் வந்தார்கள். மகள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். அப்பா என்று ஒரு தரம் சொல்லிவிட மாட்டாளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாய்விட்டுக் கேட்க ரோஷம்.

நெருங்கட்டுமே என்று கம்ப்யூட்டரில் படம் வரையவும், வரைந்ததைப் பின்னணியில் மாட்டவும் காட்டிக்கொடுத்தேன். ஒரு பூனை வரைந்து மாட்டினாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பூனை இல்லை. அவளுடைய பழைய போட்டோ ஒன்று இருந்தது. வீடே அதிர அழுதாள்.

"அவுகதாம்மா அழிச்சிட்டாக."

"நான் இல்லடா குட்டி. அது தானா மாறும்."

"தானா எப்பிடி மாறும்? யாராச்சும் சொல்லி வச்சாத்தான மாறும்?"

பூனையைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இழுக்கக்கூடச் சட்டைப் பக்கம் வரவில்லை.

"கொழந்ததானங்க, இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்தா சரியாயிருவா" என்றாள் மனைவி. இருக்க ஏது நாள்?

கிளம்புகிற அன்று காலையில் நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். கார் வந்துவிட்டது என்று கூப்பிடுகையில் கரண்ட் போயிற்று. கரண்ட்காரனைத் திட்டிக்கொண்டே கதவைப் பூட்டினேன். கொச்சி விமான நிலையத்தில் அம்மா சொன்னதற்காக மகள் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். குமுளி வழியாக மலை இறங்கி நான் வீடு வந்தபோது சாயங்காலம். காலையில் கரண்ட் போனதோடு அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பழக்க தோஷத்தில் போட்டேன்.

பின்னணியில் புதுப் படம். ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே பெரிய பெட்டி. பெட்டிக்குள் இரண்டு பேர், ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. ஆளின் காலடியில் கோணல்மாணலாக ஆங்கில எழுத்தில் அப்பா என்று இருந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே இறங்கியிருந்தது.

திரை மூலையில் கடிகாரம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. மாறினாலும் படம் அழிந்துவிடாது, எடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஊருக்கே பாடம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, நான் சொல்லி வைத்திருந்த அந்த வரிக்கு முன்னால் # என்று ஒரு வேலிக் குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் கிரான் அந்த வரியைத் தொடாது.

கோயில் மணி ஆறு அடித்தது. படம் மாறவில்லை. அவள் வரைந்தபடியே நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.